அங்க அடையாளங்கள்

மூன்று மாதமாக என் கைப்பேசியில் அம்மாவின் படம் ஒன்று கிடக்கிறது. வெள்ளைப் பின்னணி, நேர்ப்பார்வை, இரண்டு காதும் தெரிகிற மாதிரி வாரிய தலை. ஒரு விசா விண்ணப்பத்துக்கு என்னவெல்லாம் கேட்பார்களோ அத்தனையும் அதில் இருக்கிறது. அழிக்கலாம் என்று நாலைந்து முறை விரல் கொண்டுபோய்விட்டுத் திரும்ப எடுத்திருக்கிறேன். எழுதினாலாவது தொல்லை தீர்கிறதா பார்ப்போம்.

தங்கைக்கு இரண்டாவது பிரசவம். அம்மா போய் மூன்று மாதம் இருக்க வேண்டும். எந்த நாடு என்பது இங்கே முக்கியமில்லை. விண்ணப்பத்தை நிரப்பியவன் நான். மன்னார்குடி வீட்டுத் திண்ணையில் அம்மாவை உட்கார வைத்து, பின்னால் வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு, கைப்பேசியில்தான் படம் எடுத்தேன். விசா இணையதளம் அதை ஏற்கவில்லை, பின்னணியில் நிழல் என்றது. வெயில் மாறியதும் இன்னொன்று எடுத்தேன். முகத்தில் நிழல் என்றது. மூன்றாவதில் தலை சாய்ந்திருக்கிறதாம். அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. “நான் என்ன கல்யாணப் பொண்ணா, எத்தனை தடவைடா எடுப்ப?” என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். ராத்திரி அக்கா மகன் வந்தான். “குடுங்க மாமா, ரெண்டு நிமிஷம்” என்று மூன்றாவது படத்தை வாங்கி, ஏதோ ஒரு ஏஐ செயலியில் போட்டு, பின்னணியை வெள்ளையாக்கு, நிழலை எடு, பாஸ்போர்ட் போட்டோ மாதிரி ஆக்கு என்று தட்டினான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. தளத்தில் ஏற்றினோம். பச்சை நிறத்தில் சரி என்று வந்தது. அன்றைக்கு எனக்கு அது பெரிய நிம்மதி, மறைப்பானேன்.

மறுநாள் காலையில் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். படத்தைக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, கிட்டே வைத்துப் பார்த்தாள், எட்ட வைத்துப் பார்த்தாள்.

“யாருடா இது?”

“நீதாம்மா.”

“எங்க பெரியக்கா மாதிரில்ல இருக்கு.”

சொல்லிவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கீரையில் கை வைத்துவிட்டாள். பெரியம்மா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. வயதானால் அக்கா தங்கை சாயல் ஒன்றுபோல ஆகும், அதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் வரைக்கும் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. அப்புறம் என் மூன்றாவது படத்தையும் அவன் கொடுத்த படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மாவின் இடது கன்னத்தில் கண்ணுக்குக் கீழே நாலைந்து அம்மைத் தழும்பு உண்டு, சின்னச் சின்னக் குழிகள். அவன் கொடுத்த படத்தில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. தோடு போட்டுப் போட்டுத் தொங்கிய காது ஓட்டை நேராகியிருந்தது. வலது இமை கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும், அதையும் இடது இமைக்குச் சமமாகத் தூக்கிவிட்டிருந்தது. நிறமும் ஒரு சுற்று ஏறியிருந்தது. பெரியம்மாவுக்கு அம்மை போட்டதில்லை. அம்மா சாயலைச் சொல்லவில்லை, வித்தியாசத்தைத்தான் சொல்லியிருக்கிறாள். நாற்பத்தாறு வருஷம் அந்த முகத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது தெரியவில்லை என்பதுதான் முதல் வெட்கம்.

அக்கா மகனைக் கூப்பிட்டுக் கேட்டேன். “தழும்பை எடுக்கச் சொன்னியா?” அவன் நிஜமாகவே குழம்பினான். “இல்ல மாமா, பேக்ரவுண்டை மட்டும்தான் சொன்னேன்.” அவன் பொய் சொல்லவில்லை. இந்தச் செயலிகளின் வேலை அப்படி. முன்பெல்லாம் பின்னணியை மாற்றுவது என்றால் ஆளை ஓரத்தோடு வெட்டி எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டுகிற காரியம். முகத்தில் ஒரு புள்ளியும் மாறாது. இப்போது வருகிற உருவாக்கும் ஏஐ வெட்டி ஒட்டுவதில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டு அதே மாதிரி இன்னொரு படத்தை முதலிலிருந்து வரைகிறது. கோடிக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகியது, அறுபத்தெட்டு வயதுப் பெண்மணியின் கன்னம் பொதுவாக எப்படி இருக்கும் என்பதை வைத்து வரையும். நாலைந்து குழிகள் அந்தப் பொதுவில் சேராது. நிழலை எடு என்று சொன்னோம் அல்லவா, குழிக்குள் கிடந்ததும் நிழல்தானே.

“சரி மாமா, ஒரு தழும்புதானே? முகம் பாட்டி முகம்தானே?” என்றான். அதற்கு அப்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சொல்லப்போனால் எனக்கு அருகதையும் இல்லை.

கலர் ஏத்திடவா தம்பி?

2004 இல் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்தேன். போட்டிருந்தது அரைக்கைக் கட்டம் போட்ட சட்டை. படத்தில் கறுப்புக் கோட்டும் சிவப்பு டையும். ஸ்டூடியோக்காரரின் கம்ப்யூட்டரில் கோட்டுகள் வரிசையாக இருந்தன, கழுத்தளவு பார்த்து ஒட்ட வேண்டியதுதான். என் பேட்ச்சில் பாதிப் பேர் அதே கோட்டில் விண்ணப்பித்திருப்போம். கோட்டை மாட்டிவிட்டு அவர் கேட்டார், “கொஞ்சம் கலர் ஏத்திடவா தம்பி?” நான் தலையாட்டினேன். தமிழ்நாட்டில் அந்தக் கேள்விக்கு ‘வேண்டாம்’ சொன்னவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்தப் படத்தை அத்தாட்சி அதிகாரி ஒருவர் ஏறிட்டும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். கோட்டே இல்லாத ஒருவன் கோட்டோடு இருப்பதற்கு அரசாங்கச் சான்று.

அதற்கு முந்தைய தலைமுறைக்குப் பென்சில். அந்த ஸ்டூடியோக்காரரின் அப்பா நெகட்டிவ் டச்சிங்கில் பேர்போனவர். எனக்கு ஒருமுறை விளக்கியிருக்கிறார். நெகட்டிவில் கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் விழும் அல்லவா? முகத்தில் இருக்கிற சுருக்கம், பரு, தழும்பு இவற்றின் நிழல் நெகட்டிவில் வெளுத்த புள்ளிகளாகத் தெரியும். பின்னாலிருந்து வெளிச்சம் வருகிற சாய்வு மேசையில் நெகட்டிவை வைத்து, பென்சில் பிடிக்கும்படி ஒரு பிசின் பூச்சு தடவி, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும். அழுத்தினால் பிரிண்டில் வெள்ளைப் புள்ளி விழுந்துவிடும். அம்மைத் தழும்பு முகம் ஒன்றுக்கு முழுசாக ஒரு பகல் போகும் என்பார். அந்தப் பகல் பூராவும் அவர் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. எந்தக் குழியை நிரப்புகிறோம் என்று தெரிந்து நிரப்பினார். மூக்குத்தியைத் தொடமாட்டார், மச்சத்தைத் தொடுவதற்கு முன் கேட்பார்.

ஆகவே பொய்ப் படம் ஏஐயோடு வந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. அடையாளப் படத்தில் அழகு பார்ப்பது நம் ஊரில் பழைய ஆசை. ஆதார் அட்டைப் படத்தைப் பார்த்து நாம் எல்லோரும் சிரிக்கிறோமே, அது ஏன்? அது ஒன்றில்தான் நம் கை படவில்லை. முகாமில் உட்கார வைத்து, அங்கே இருக்கிற கேமராவில், அங்கே இருக்கிற வெளிச்சத்தில் எடுத்தார்கள். வீட்டிலிருந்து படம் கொண்டுபோக வழியே இல்லை. பாஸ்போர்ட் சேவா மையத்திலும் இப்போது அப்படித்தான். நாலு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு மட்டும் படம் கொண்டுவரச் சொல்கிறார்கள். மற்றவர்களை எதிரில் நிறுத்தி எடுக்கிறார்கள். அம்மாவின் ஆதார் படம் படு மோசம், கண் பாதி மூடி, வாய் எதையோ சொல்ல வந்த மாதிரி. ஆனால் அப்பாவின் குடும்ப ஓய்வூதியத்துக்காக வருஷா வருஷம் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டியிருக்கிறதே, கைப்பேசியில் முகத்தைக் காட்டினால் அந்த மோசமான படத்தோடுதான் ஒத்துப்போய் மறு நிமிஷம் சான்று வந்துவிடுகிறது.

தகரப்பெட்டி

படம் ஏற்றிவிட்டோம், ஆனால் விண்ணப்பத்தை இன்னும் அனுப்பவில்லை. படித்த பள்ளியின் பெயரும் ஆண்டும் கேட்டிருந்தது. அம்மாவுக்கு ஆண்டு சரியாக நினைவில்லை. பரண் மேலிருந்து தகரப்பெட்டியை இறக்கினேன். அந்துருண்டை வாசனையோடு வீட்டு வரி ரசீது, அப்பாவின் பணிப்பதிவேட்டு நகல், மஞ்சள் தடவிய ஜாதகங்கள், எல்லாவற்றுக்கும் அடியில் அம்மாவின் எஸ்எஸ்எல்சி புத்தகம். அந்தக் காலத்தில் பதினோராம் வகுப்புதான் எஸ்எஸ்எல்சி, மதிப்பெண்ணைத் தாளாகத் தராமல் புத்தகமாகவே தருவார்கள். 1974. அதில் அம்மாவின் படம் இல்லை. படத்தின் வேலையைச் செய்ய இரண்டு வரிகள் இருந்தன. அங்க அடையாளங்கள் என்ற இடத்தில், யாரோ ஒரு வாத்தியார் கட்டைப் பேனாவில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். ஒன்று, இடது கன்னத்தில் அம்மைத் தழும்பு. இரண்டு, வலது முழங்கைக்குக் கீழே மச்சம்.

தமிழ்நாட்டில் படித்த யாருக்கும் இந்த வரிகளை விளக்க வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பில் எங்கள் வகுப்பாசிரியர் ஒரு மதியம் முழுக்க இதற்கென்றே ஒதுக்கினார். பையன்கள் சட்டைக் கையைச் சுருட்டியும் காலரை இறக்கியும் ஒருவர் முதுகில் இன்னொருவர் மச்சம் தேடிக்கொண்டிருந்தோம். ஒருத்தனுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. “சைக்கிள்ல விழுந்த காயம் ஏதாவது இருக்காடா?” என்று கெஞ்சினார் சார். கடைசியில் அவன் முட்டியில் இருந்த ஒரு கொசுக்கடித் தழும்பை எழுதிக்கொண்டார். அது ஒரு மாதத்தில் மறைந்திருக்கும். இன்றைக்கும் அவன் சான்றிதழில் அது இருக்கிறது.

புத்தகத்தை விரித்தபடி நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அம்மாவை அம்மாதான் என்று காட்ட ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அரசாங்கம் எதைத் தேர்ந்தெடுத்து எழுதி வைத்ததோ, அதைத்தான் அந்தச் செயலி தேடிப் பிடித்த மாதிரி அழித்திருக்கிறது. உண்மையில் அது எதையும் தேடவில்லை. எல்லோருக்கும் பொதுவாக இல்லாததை விட்டுவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அங்க அடையாளம் என்பதும் அதேதானே, எல்லோருக்கும் பொதுவாக இல்லாதது. அக்கா மகன் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

அம்மாவிடம் காட்டினேன். வாத்தியாரின் கையெழுத்தைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். இதுவரை சொல்லாத கதை.

ஐந்து வயதில் அம்மை போட்டதாம், 1962 இல். பெரியம்மை. அந்தத் தெருவில் நாலு குழந்தைகளுக்குப் போட்டு இரண்டு தங்கவில்லை. வேப்பிலைப் படுக்கையில் இருபது நாள். எழுந்தபோது கன்னத்தில் முத்து இறங்கிய இடம் அப்படியே நின்றுவிட்டது. “ஆத்தா தொட்டுட்டுப் போன இடம்” என்று பாட்டி சொல்லி வளர்த்திருக்கிறாள். இந்தியாவில் அந்த நோய் கடைசியாகக் காணப்பட்டது 1975 இல். அதற்கு அடுத்த வருஷம் அம்மாவுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். தாத்தா கும்பகோணத்துக்கு அழைத்துப்போய் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்தார். பட்டுப்புடவை, பக்கத்தில் ஸ்டூல் மேல் பூச்சாடி. நல்லா டச்சிங் பண்ணிக் குடுங்க என்று இரண்டு ரூபாய் அதிகம் கொடுத்தாராம். படம் வந்தபோது வீடே சந்தோஷப்பட்டது. அம்மாவும்தான். அந்தக் கன்னத்தை அவள் அதற்கு முன்னால் பார்த்ததேயில்லை.

படம் போன இடத்திலிருந்து உடனே பதில் வந்தது. பெண் பார்க்க வந்தார்கள், ஒன்பது பேர். அம்மா காபித் தட்டோடு வந்து நமஸ்காரம் செய்துவிட்டு நிமிர்ந்தபோது, பையனின் அத்தை மடியில் அந்தப் படம் இருந்திருக்கிறது. அவள் படத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் அதைக் கொடுத்தாள். அவளும் அப்படியே செய்தாள். படம் கைமாறிக் கைமாறி ஒன்பது பேரிடமும் போய் வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. காபியைக் குடித்துவிட்டு, ஊருக்குப் போய் எழுதுகிறோம் என்று கிளம்பினார்கள். வாசலில் செருப்பைப் போடும்போது மட்டும் அந்த அத்தை பாட்டியிடம் சொன்னாளாம், “போட்டோவுல இல்லையேம்மா.”

“தழும்புக்காக அவங்க வேண்டாம்னு சொல்லியிருந்தா எனக்கு ஒண்ணும் இல்லடா” என்றாள் அம்மா. “நான் ஏமாத்துனவ மாதிரி நின்னேன் பாரு. நான் ஒண்ணுமே பண்ணலை. டச்சிங் பண்ணச் சொன்னது உங்க தாத்தா. ஆனா நின்னது நான்.” அதற்கப்புறம் யாருக்கும் படம் அனுப்பக்கூடாது என்று பிடிவாதம் பிடித்திருக்கிறாள். அப்பா வீட்டில் படம் பார்க்காமலே நேராக வந்து பார்த்திருக்கிறார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். “அங்க கவுன்ட்டர்ல இருக்கறவங்களும் அப்படித்தானே பார்ப்பாங்க? கையில ஒண்ணு, எதிர்ல ஒண்ணு?”

ஆமாம்மா, அப்படித்தான் பார்ப்பார்கள் என்றேன்.

“அப்ப அந்தப் படம் வேண்டாம்.”

கையில ஒண்ணு, எதிர்ல ஒண்ணு

அன்றிரவு இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். அம்மாவின் கவலை உலகத்தின் பெரிய பெரிய உள்துறைகளின் கவலையாகவும் இருப்பது தெரிந்தது. 2014 இல் இத்தாலியின் போலோனா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மூன்று பேர் ஒரு கட்டுரை எழுதினார்கள். இரண்டு பேரின் முகத்தை ஒன்றாகக் கலந்து ஒரு படம் செய்து அதைப் பாஸ்போர்ட்டில் போட்டால், முகத்தை ஒப்பிடும் கருவி இரண்டு பேரையுமே அந்தப் பாஸ்போர்ட்டுக்கு உரியவராக ஏற்றுக்கொள்ளும் என்று காட்டினார்கள். கருவி முகத்தை நம்மைப் போலப் பார்ப்பதில்லை. முகத்தை ஒரு எண் வரிசையாக மாற்றி, இரண்டு வரிசைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளக்கிறது. ஒரு வரம்புக்குள் இருந்தால் ஒரே ஆள். கலவை முகம் இரண்டு பேருக்கும் நடுவழியில் நிற்பதால் இருவரும் வரம்புக்குள் வந்துவிடுகிறார்கள். ஒரு பாஸ்போர்ட், இரண்டு பயணிகள்.

2017 இல் பிரான்சில் ரஃபாயேல் ஃபாப்ர் என்ற கலைஞர் இன்னொன்று செய்தார். கேமராவே இல்லாமல், சினிமாவுக்கும் வீடியோ கேமுக்கும் பயன்படும் முப்பரிமாண மென்பொருளில் தன் முகத்தை முழுக்க முழுக்கச் செய்து, அந்தப் படத்தைக் கொடுத்துத் தேசிய அடையாள அட்டை வாங்கிவிட்டார். அடுத்த வருஷம் ஜெர்மனியில் பெங் என்ற செயல்பாட்டாளர் குழுவைச் சேர்ந்த ஒரு பெண், தன் முகத்தோடு அப்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவுப் பொறுப்பில் இருந்த பெடரிகா மொகெரினியின் முகத்தைக் கலந்து, அசல் ஜெர்மன் பாஸ்போர்ட் பெற்றார். ஜெர்மனி இதைச் சிரித்துக் கடக்கவில்லை. 2025 மே 1 முதல் அங்கே பாஸ்போர்ட்டுக்கும் அடையாள அட்டைக்கும் தாளில் அச்சிட்ட படத்தைக் கொடுக்க முடியாது. அலுவலகத்திலேயே எடுக்க வேண்டும், அல்லது பதிவுபெற்ற ஸ்டூடியோ எடுத்துப் பாதுகாப்பான இணைய வழியில் நேரே அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். நடுவில் படம் விண்ணப்பதாரர் கைக்கே வராது. அமெரிக்க வெளியுறவுத் துறை, பாஸ்போர்ட் படத்தை மென்பொருளாலோ செயலியாலோ ஏஐயாலோ மாற்றக்கூடாது என்று பெயர் சொல்லியே எழுதி வைத்திருக்கிறது.

நமக்கும் இது எட்டாத சங்கதி இல்லை. 2019 இல் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் வெளிப்பட்ட நீட் ஆள்மாறாட்டம் நினைவிருக்கும். தேர்வு எழுதியவர் ஒருவர், கல்லூரியில் சேர்ந்தவர் இன்னொருவர். சந்தேகத்தை உறுதிசெய்தது படம்தான். கையில் ஒன்று, எதிரில் ஒன்று. அன்றைக்கு ஏமாற்றுக்காரருக்கு ஒருவர் படத்தை வைத்து இன்னொருவராக நடிக்க வேண்டியிருந்தது. இப்போது இரண்டு பேரையும் கலந்து ஒரே படம் செய்ய ஒரு பள்ளிக்கூடப் பையனால் முடியும். 2025 மார்ச் கடைசியில் சாட்ஜிபிடியில் படம் வரையும் புதிய வசதி வந்தபோது பாதி நாடு குடும்பப் படத்தை ஜப்பானியக் கார்ட்டூன் பாணிக்கு மாற்றிக்கொண்டிருந்தது. சில நாட்களிலேயே சிலர் அதை வைத்துப் போலி ஆதார் அட்டையும் பான் அட்டையும் வரைந்து, எவ்வளவு சுலபம் பாருங்கள் என்று போட்டுக்காட்டினார்கள்.

ஆனால் இவையெல்லாம் தெரிந்தே செய்தவர்களின் கதை. என்னைத் தொந்தரவு செய்வது தெரியாமல் செய்கிற எங்களைப் போன்றவர்கள். வெளிச்சம் சரியில்லாத வீட்டில், நல்ல கேமரா இல்லாமல், மூன்று முறை நிராகரிக்கப்பட்டு, கடைசியில் இதாவது போகட்டும் என்று செயலியிடம் கொடுக்கிறவர்கள். இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். நான் எடுத்த மூன்று நிஜப் படங்களையும் தளம் தள்ளிவிட்டது. நிஜமில்லாத ஒன்றுக்குப் பச்சை காட்டியது. தளத்தைக் குறை சொல்லவில்லை. அது நிழலையும் சாய்வையும் அளக்கத்தான் தெரிந்தது, அம்மாவை அதற்குத் தெரியாது. நிழலே இல்லாத, சாய்வே இல்லாத, இரண்டு பக்கமும் சமமான முகத்தைச் செய்து கொடுப்பதில் ஏஐயை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு இயந்திரம் கேட்பதை இன்னொரு இயந்திரம் கச்சிதமாகக் கொடுக்கிறது. நடுவில் இருக்கிற ஆள் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கிக் கீழே விழுகிறார். வெளிறிய நிறத்துக்காரர்களைவிடக் கறுத்த நிறத்துக்காரர்களுக்கு இந்த வெளிச்சச் சோதனைகள் கூடுதல் தலைவலி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மாவின் நிறம் ஏன் ஒரு சுற்று ஏறியது என்பதற்குக் கலர் ஏற்றும் நம் பழைய ஆசை மட்டும் காரணம் இல்லை.

என் கட்சி என்ன என்று கேட்டால், கொஞ்சம் பழைய ஆள் கட்சிதான். கல்யாண ஆல்பத்தில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், கோட்டும் மாட்டிக்கொள்ளுங்கள். அடையாள அட்டையில் இருக்கிற படம் நமக்குச் சொந்தமில்லை. நம்மை அறியாத ஒருவர் நம்மோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவருக்குக் கொடுத்து வைக்கிற பொருள் அது. அதில் நாம் கைவைத்தால் அவர் கண்ணில் நாம் கைவைத்த மாதிரி. அந்தத் தழும்பு இல்லாததால் எந்தக் கருவியும் அம்மாவை வேறு ஆள் என்று சொல்லியிருக்காது, தெரியும். கவுன்ட்டரில் இருப்பவர் ஒரு விநாடி படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்திருப்பார். ஆனால் அந்தப் பார்வை எதிரே நிற்க வேண்டியவள் என் அம்மா, செயலியைத் தட்டிய நாங்கள் இல்லை.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு ஸ்டூடியோவுக்கு அம்மாவை அழைத்துப்போனேன். பழையவர் இல்லை, மகன்தான். இரண்டு பக்கமும் விளக்கு வைத்து, வெள்ளைத் திரை இறக்கி, நாலு க்ளிக். திரையில் முகத்தைப் பெரிதாக்கியவர் சுட்டியைக் கன்னத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுப் பழக்கதோஷத்தில் கேட்டார், “இதை எடுத்துடவாம்மா?”

“இருக்கட்டும் தம்பி. விசாவுக்கு.”

“அப்ப தொடக்கூடாது” என்று அவரே சொல்லிக்கொண்டு கையை எடுத்துவிட்டார். இரண்டு பக்கமும் வெளிச்சம் விழுந்ததால் நிழல் இல்லை, குழி மட்டும் மெலிதாகத் தெரிந்தது. தளம் முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டது. எண்பது ரூபாய். முதல் நாளே செய்திருக்க வேண்டிய செலவு.

சென்னையில் விசா மையத்துக்குள் அம்மா தனியாகப் போனாள், நான் வெளியே மரத்தடியில். முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டாள். ரேகை எடுத்தார்களாம். அப்புறம் அவர்களே ஒரு கேமரா வைத்துப் புதிதாகப் படமும் எடுத்துக்கொண்டார்களாம். “நாம குடுத்ததைப் பக்கத்துல வச்சுக்கிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தா அந்தப் பொண்ணு. அவ்வளவுதான்” என்றாள். எப்படிப் பார்த்தாள் என்று கேட்டேன். “சும்மாதான். பஸ்ல பாஸைப் பார்ப்பாங்களே, அந்த மாதிரி.”

மன்னை எக்ஸ்பிரஸில் ஊர் திரும்பினோம். விடியற்காலையில் விழித்தபோது அம்மா எனக்கு முன்னாலேயே எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே வயல்களில் தண்ணீர் நின்றது.

“அந்தப் பையன் பண்ணான்ல, அந்தப் போட்டோவை அழிச்சிட்டியா?”

“இன்னும் இல்லம்மா.”

“அழிக்காத. பெரிசா ஒண்ணு போட்டு வை. மாலை போடறப்ப மாட்டிக்கலாம்.”

“அதுவா? அதுலதான் நீயே இல்லைன்னியே.”

“அப்ப யாருடா பக்கத்துல நிக்க வச்சுப் பார்க்கப்போறா?” என்றாள்.

நீடாமங்கலத்தில் வண்டி நின்றது. டீ வாங்க இறங்கினேன்.